தட்டிவிட்ட வாய்க்கரிசி

1

என் மனைவி வசந்தா இறந்து வருகிற தை மாதத்தோடு ஒரு வருஷம் முடிகிறது. முதல் வருஷத் திதியைப் புதுச்சேரியில்தான் கொடுக்க வேண்டும் என்று படுக்கையில் கிடந்தபோதே சொல்லிவிட்டாள். அதற்காகவே இந்த முறை பாரிஸ் புறநகரில் குளிர் பிடிப்பதற்கு முன்பே கிளம்பி வந்து, மூலக்குளத்தில் அக்கா வீட்டு மாடியில் தங்கியிருக்கிறேன். எள், தர்ப்பை, வாழை இலை, ஐயர், ஆற்றங்கரைக்குப் போகக் கார், எல்லாவற்றையும் நான் ஏற்பாடு செய்துவிடுவேன். என்னால் முடியாதது ஒன்றுதான். எங்களுக்கு ஒரே பிள்ளை, அருள். அவன் வந்து உட்கார வேண்டும்.

வருவானாம். ஒரு புத்தகத்தை நான் எழுதி முடித்தால்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் பக்கம் மனத்தாங்கல் வந்தால் பேச்சை நிறுத்துவோம், கல்யாணத்துக்குப் போக மாட்டோம், போனாலும் பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பிறகு யாராவது செத்தால் அந்த வீட்டு வாசலில் சேர்ந்துவிடுவோம். அங்கே மன ஆலோசகரிடம் போகிறார்கள். அவர் ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுக்கிறார். தன் குறைகளைத் தானே கண்டுபிடித்துத் தானே எழுதிக்கொள்ளும் புத்தகம். அருளும் அவன் மனைவி எலேனும் ஆளுக்கொன்று எழுதி முடித்துவிட்டார்கள். மூன்றாவது என் பெட்டிக்குள் வந்துவிட்டது.

"எல்லாப் பக்கமும் எழுதுங்க அப்பா. எழுதினத எனக்குப் படிச்சிக் காட்டுங்க. அப்புறம் நான் டிக்கெட் போடறேன்" என்றான், விமான நிலையத்தில், என் முகத்தைப் பார்க்காமல்.

பெற்ற தாயின் திதிக்கு நுழைவுத் தேர்வு வைத்த பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பெற்று வளர்த்திருக்கிறேன்.

2

புத்தகத்தின் அட்டையில் முதுகுப்பை மாட்டிய ஒரு மனிதன் மலைப்பாதையில் நடக்கிறான். உள்ளே நாற்பது கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே புள்ளி வைத்த வரிகள். குறைகளுக்கு எட்டு வரி, நல்ல குணங்களுக்குப் பதினான்கு வரி. எண்ணிப் பார்த்தேன். குறை சொல்லும்போதே தட்டிக் கொடுக்கும் நாடு அது.

முதல் பக்கத்தில் "இங்கே தவறான பதில் என்று எதுவும் இல்லை" என்று போட்டிருக்கிறார்கள். பொய். தவறான பதில் இல்லையென்றால் என் பிள்ளை ஏன் டிக்கெட்டைப் பிடித்து வைத்திருக்கிறான்?

"அடுத்த பக்கத்துக்குப் போகும் முன் மூன்று முறை ஆழமாக மூச்சு விடுங்கள்." எழுபத்தேழு வருஷமாக யாரும் சொல்லாமலேதான் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

"நீங்கள் பிறர் பேச்சைக் கேட்கும் திறனுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்?" ஒன்பது போட்டேன்.

"குழந்தையாக இருந்த உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்." அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும். கடிதத்தைப் பிரிக்காமலே கப்பல் செய்து வாய்க்காலில் விட்டிருக்கும்.

நான் படித்தது புதுச்சேரியில் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை மாலையில் கிறிஸ்தவப் பையன்கள் வரிசையாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள். சொல்லப் பாவம் போதாதவன் பக்கத்தில் நிற்பவனிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வான். இந்துப் பையன்களான நாங்கள் வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்ப்போம். ஆனால் மாதாகோயிலில் பாவம் கேட்கும் மரக்கூண்டுக்குள் ஒரு ஆள் இருந்தார். காது கொடுத்துக் கேட்டார், திட்டினார், ஜெபம் சொல்லச் சொன்னார், மன்னித்து அனுப்பினார். வெளியே வந்து கோலி விளையாடினார்கள். இந்தப் புத்தகத்துக்குள் யார் இருக்கிறார்கள்? குற்றம் செய்தவனே குற்றப்பத்திரிகை எழுதி, அவனே தீர்ப்பும் எழுதி, கடைசிப் பக்கத்தில் அவனே அவனுக்கு நன்றியும் சொல்ல வேண்டுமாம். மன்னிப்பதற்கு மட்டும் ஆள் போடவில்லை. ஆள் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் போல.

3

என்ன நடந்தது என்று சொல்லாமல் நான் மட்டும் கத்திக்கொண்டிருப்பது நியாயமில்லை. சொல்கிறேன்.

அங்கே தகனசாலையில் நேரம் ஒதுக்கித்தான் கொடுப்பார்கள். நம் நேரம் முடிவதற்குள் அடுத்த குடும்பம் கறுப்புக் கோட்டுகளோடு வெளியே வந்து நிற்கும். அருள் வேலை செய்யும் இடத்திலிருந்து வந்தவர்கள், எலேனின் பெற்றோர், அக்கம்பக்கத்தார், நம்மவர்கள் சிலர். நாற்காலிகள் அறுபது. நிரம்பியவை நாற்பத்தொன்று. பெட்டியை மூடுவதற்கு முன் வாய்க்கரிசி போடலாம் என்று அனுமதி வாங்கி வைத்திருந்தேன். அந்த அனுமதிக்கே மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. பிணத்தின் வாயில் அரிசியா, சுகாதாரம் என்னாவது என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லியிருந்தேன்.

அருள் அரிசியை எடுத்தான். அழுதுகொண்டே எடுத்தான். இடது கையால் எடுத்தான்.

அவன் கை அவள் வாய்க்குக் கிட்டே போனபோது நான் தட்டிவிட்டேன். "சோத்துக் கைடா!" என்றேன். உரக்கத்தான் சொன்னேன். அரிசி தரையில் சிதறியது. அந்தத் தரை வெள்ளைக் கல். நாற்பத்தொரு பேரும் பார்த்தார்கள். அருள் தன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெளியே போய்விட்டான். எலேன் அவன் பின்னால் ஓடினாள். மேலும் காத்திருக்க நேரம் கிடையாது என்றார்கள். பெட்டியை உள்ளே தள்ளும் பொத்தானை மகன் அழுத்த வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அங்கே வேலை பார்க்கும் ஒருவர் அழுத்தினார். கையுறை போட்டிருந்தார். வலது கைதான்.

ஆக, வசந்தாவுக்கு அவள் பிள்ளை எதையும் செய்யவில்லை. இந்தத் திதிக்கும் அவன் வராவிட்டால் அப்படியேதான் நிற்கும். நான் குறை எழுதும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

4

அருளுக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எனக்கும் அப்படித்தான். எங்கள் அப்பா என் சட்டையின் இடது கையை நிஜாரோடு சேர்த்து ஊக்குக் குத்திவிடச் செய்வார். சாப்பிடும்போதும் எழுதும்போதும் ஊக்கு இருக்கும், விளையாடப் போகும்போது கழற்றுவார்கள். தினமும் ஊக்குக் குத்துகிற வேலை அக்காவுக்கு. மாறினேன். வலது கையால் எழுதித்தான் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினேன். பிரான்சில் ஒரு மருத்துவமனையின் துணிக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, படுக்கை விரிப்பும் தலையணை உறையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்துப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். என் கணக்கில் ஒரு துவாலை குறைந்தது கிடையாது. எனக்கு என்ன கெட்டுவிட்டது?

அதே வழியில்தான் அருளையும் திருத்தினேன். ஊக்குக் குத்தவில்லை. சமையலறைத் துண்டால் இடது கையை நாற்காலியோடு தளர்வாகக் கட்டுவேன், தமிழ் எழுதும்போது மட்டும். பள்ளியில் அவன் இடது கையால் பிரெஞ்சு எழுதினான். அதை என்னால் தடுக்க முடியவில்லை. அவன் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பி, கையை மாற்றுவது இந்த நாட்டில் நின்று வெகுகாலம் ஆகிறது என்று சொன்னார். ரொம்பச் சின்னப் பெண். உங்கள் நாட்டில் கையால் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

பன்னிரண்டு வயதில் அருள் தமிழ் எழுதுவதை நிறுத்தினான். பேசுவான், வாசிக்க மாட்டான். இந்தக் கட்டுரையையும் அவன் வாசிக்கப் போவதில்லை. ஒருமுறை எலேன் ஆர்வமாக, உங்கள் மொழியில் என் பெயரை எழுதிக் காட்டு என்று அவனிடம் கேட்டாள். "தமிழ்னா எனக்குக் கட்டிப்போட்ட கைதான்" என்றான். முதலில் அவளுக்குப் பிரெஞ்சில் சொன்னான், பிறகு எனக்காகத் தமிழில் ஒருமுறை. வசந்தா எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

5

புத்தகத்தை எழுத இடம் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்தால் பக்கத்து மனையில் கட்டட வேலை, காலையிலிருந்து கல் அறுக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் போனால் ஒவ்வொரு மஞ்சள் சுவருக்கும் முன்னால் ஒருத்தி தொப்பி வைத்துக்கொண்டு நிற்கிறாள், ஒருவன் படம் எடுக்கிறான், நாம் அவர்களுக்காக நடப்பதை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒரு காபிக்கடையில் உட்கார்ந்தேன். வாசல் பலகையில் பிரெஞ்சு என்று நினைத்து எழுதியிருந்த ஒன்பது சொற்களில் ஐந்து தப்பு. பரிமாறிய பையனிடம் சொன்னேன். "பரவாயில்ல அங்கிள், யாரும் படிக்கிறதில்ல" என்றான். அங்கே என் உச்சரிப்பைத் திருத்துகிறார்கள், இங்கே நான் திருத்தினால் அங்கிள் என்கிறார்கள். எந்த ஊரில்தான் நான் வாயைத் திறப்பது?

கடைசியில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தேன். பத்தொன்பதாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். "உங்களை வெகுகாலமாக அறிந்த ஒருவரிடம் உங்கள் குறை ஒன்றைச் சொல்லச் சொல்லி, மறுப்புப் பேசாமல், அவர் சொன்னபடியே எழுதுங்கள்." வெகுகாலமாக அறிந்தவள் போய்விட்டாள். மிச்சம் அக்கா சரோஜாதான். எண்பத்தொரு வயது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, என்கிட்ட இருக்கிற கொற ஒண்ணு சொல்லு. எழுதணும்."

"ஒண்ணா?" என்று நிமிர்ந்தாள். "அந்தப் புக்குல எடம் எவ்ளோ இருக்குது?"

"எட்டு வரி."

"பத்தாதுடா தம்பி. ஆறுமாசக் கீரைய அரைப்படியில அளக்கச் சொல்ற."

"வெளையாடாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"சரி எழுதிக்கோ. வந்த அன்னிக்கே என் ஃபிரிட்ஜத் தொறந்து முட்டய எண்ணின. எழுதினியா? மாடிப்படி ஒண்ணு ஒசரம் கூடன்னு என் மவன் வூடு கட்டின மேஸ்திரியப் போன்ல கூப்ட்டுத் திட்டின. எழுது. நேத்து எதிர் வூட்டுப் பொண்ணு கோலம் போட்டுக்கினு இருந்தா, ஒரு புள்ளி கொறையுதுன்னு மாடியிலேர்ந்து கத்தின. அது குடியேறி ஒரு மாசங்கூட ஆவல."

"கொறஞ்சுதுதானே?"

"பாத்தியா, எதுத்துப் பேசக் கூடாதுன்னு போட்டிருக்குதுன்ன."

பேனாவை மூடினேன். அவள் கீரைக்காம்பைக் கிள்ளிப் போட்டபடியே, குரல் தாழ்ந்து, "கொறன்னு கேட்டா ஒண்ணுதான்டா" என்றாள். "ஒனக்கு எது கண்ணுல பட்டாலும் அது தப்பாத்தான் படுது. அந்தப் புள்ள அழுவறது படல, கைதான் பட்டுச்சு."

நான் அதை எழுதவில்லை. மேலும் இரண்டு நாளைக்கு அக்காவோடு பேசவும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே பேசாமல் இருப்பது எப்படி என்று எங்கள் குடும்பத்துக்கு யாரும் புத்தகம் போட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை.

6

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இருபது பதில்கள் எழுதியதும் அருளைப் போனில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். பிரெஞ்சில்தான் எழுதியிருந்தேன், சுத்தமான பிரெஞ்சு. அவன் குறுக்கே பேசவில்லை. தட்டச்சு செய்கிற மாதிரி மெல்லிய டிக் டிக் ஓசை மட்டும் கேட்டது. முடித்ததும் கேட்டேன், "எப்படி இருக்கு?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன் அப்பா."

"என்னத்த?"

"இருபது பதில். பதினேழுல மத்தவங்க தப்பு. ரெண்டுல கவர்ன்மெண்ட் தப்பு. ஒண்ணுல அம்மா தப்பு."

"அம்மா தப்புன்னு நான் எங்க எழுதினேன்?"

"உப்பு. குழம்புல உப்புக் கூடன்னு சொன்னதால அம்மா ஒரு வாரம் பேசலன்னு எழுதியிருக்கீங்க. உப்பு நெஜமாவே கூடன்னும் எழுதியிருக்கீங்க."

எண்ணுகிற புத்தியை மட்டும் என்னிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறான். அதற்கு இடது வலது கிடையாது போலிருக்கிறது.

"அந்த நாளப் பத்தி ஒரு வரி இல்ல அப்பா."

"நான் செஞ்சது சரி. சரியா செஞ்சத எப்படிக் கொறன்னு எழுதறது?"

"சரின்னா சரி" என்றான். போனை வைத்துவிட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புத்தகத்தைக் கிணற்றில் போட்டிருப்பேன். மூலக்குளத்தில் இப்போது கிணறு எங்கே இருக்கிறது? எல்லாம் ஆழ்துளைக் குழாய்.

7

எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. விஷயம் தெரிந்த ஒருவர், நான் செய்தது முறைதான் என்று சொல்ல வேண்டும். அதை நாற்பதாவது பக்கத்தில் எழுதி, அவர் பெயரையும் போட்டு, அருளுக்கு அனுப்பிவிடலாம். எப்படியும் திதிக்கு ஐயரைப் பேசத்தான் வேண்டும். டவுனில் கோயில் பக்கத்துத் தெருவில் ஒருவர் இருக்கிறார், கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டிப்பானவர்தான் எனக்கும் வேண்டும். அக்கா நானும் வருகிறேன் என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். பேசாமல்தான் போனோம்.

அவர் வீட்டுக் கூடத்தில் நாள் குறிக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. வசந்தாவின் நட்சத்திரம், திதி எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"கர்மா யார் பண்றா?"

"என் மகன். பிரான்சுலேர்ந்து வரணும்."

"தகனம் அங்கயா? புள்ள வாய்க்கரிசி போட்டாரா?"

"போட வந்தான்."

"போட்டாரா?"

இதைத்தானே கேட்க வந்தாய், சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நொட்டாங்கையால போட வந்தான். நான் தட்டிவிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "நல்ல காரியம் பண்ணேள்" என்றார்.

ஒரு வருஷமாக ஒரு வாய் அதைச் சொல்லாதா என்று காத்திருந்தேன். எலேன் சொல்லவில்லை, நம்மவர்கள் சொல்லவில்லை, அக்கா சொல்லவில்லை. இதோ ஒருவர் சொல்லிவிட்டார். குறித்துக்கொள்ளப் பேனாவைக்கூட எடுத்தேன்.

அவர் நிறுத்தியிருக்கலாம். "அந்தக் கையால வாங்கறதுக்கு, அந்தம்மா வாங்காம போனதே மேல். சின்ன வயசுலயே ரெண்டு போட்டிருந்தா திருந்தியிருப்பார். வளர்ப்புல விட்டுட்டேள். அதெல்லாம் கைகால் வெளங்காத குடும்பத்துக்குத்தான்..."

"நிறுத்துய்யா" என்றேன்.

எடுத்த பேனாவைப் பையில் செருகினேன்.

"யாருக்கு மேல்? பெத்தவ வெறும் வாயோட போனா, அது மேலா? அவளக் கேட்டியா நீ? அவன் ரெண்டு வயசுல பிஸ்கட்ட எச்சி பண்ணி அந்தக் கையாலதான்யா அவ வாயில திணிப்பான். தின்னுவா. ஒரு தடவகூட மூஞ்சியத் திருப்பினது கெடையாது. அவ புள்ள அவ வாயில எந்தக் கையால போட்டா ஒனக்கு இன்னாய்யா?"

"சார், நீங்கதானே தட்டிவிட்டேன்னு..."

"நான் தட்டுவேன்! அது எனக்கும் அவனுக்கும். நீ யாரு நல்லதுன்னு சொல்றதுக்கு?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிரெஞ்சிலும் கொஞ்சம் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. ஐயர் எழுந்து உள்ளே போய்விட்டார். யாரோ ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நொட்டாங்கைய ஆட்டி ஆட்டிப் பேசுனடா" என்றாள். "எந்தக் கைக்குத் தெனம் ஊக்குக் குத்துனேனோ அந்தக் கைய. அந்த ஐயரு பயந்தே பூட்டாரு."

நான் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காமல் எப்படி விட்டேன் என்று வீடு வரும் வரைக்கும் அதற்காகவும் கோபமாக இருந்தது.

8

அக்காவுக்கு ரகசியம் தங்காது. மறுநாள் காலையில் அருள் கூப்பிட்டான்.

"ஐயர்கிட்ட சண்ட போட்டீங்களா?"

"யார் சொன்னா?"

"அத்த. ஆக்ட் பண்ணிக் காட்டினாங்க, வீடியோவுல. நெஜமா?"

"அவன் வளர்ப்பு சரியில்லன்னான்."

"என் வளர்ப்பா?"

"என் வளர்ப்பு."

எலேனுக்குப் பிரெஞ்சில் ஏதோ சொன்னான், அவள் ஏதோ கேட்டாள். "இது எந்தக் கேள்விக்கு பதிலா வரும்னு எலேன் கேக்கறா" என்றான்.

"எதுக்கும் வராது. புத்தகத்துல நான் இனிமே ஒரு வரி எழுதப் போறதில்ல. இருபது எழுதிட்டேன், பாதி மார்க் கொடு. வர்றதுன்னா வா, வராட்டி நானே எள்ளுத் தண்ணி விட்டுக்கறேன். புருஷனும் விடலாம், கேட்டுட்டேன்."

"அப்பா."

"என்ன?"

"டிக்கெட் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கத்தாதீங்க."

போனை வைத்த பிறகு எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு வருஷமா, ஒரு புத்தகமா, நாற்பது கேள்வியா என்று அந்த மலைப்பாதை மனிதன் மேல் எரிச்சல்தான் வந்தது. வழியெல்லாம் புள்ளி வைத்துக் கொடுத்தாலும் அவரவர் தடுக்கி விழுகிற கல் அந்த வழியில் இருப்பதில்லை. அது எங்கே கிடக்கிறது என்று புத்தகம் போட்டவர்களுக்கும் தெரியாது, எழுதுகிறவனுக்கும் தெரியாது.

9

தை பிறந்து அருளும் எலேனும் வந்து சேர்ந்தார்கள். திருக்காஞ்சி ஆற்றங்கரையில் வேறொரு ஐயரைப் பிடித்தோம். இளைஞர். உட்காருவதற்கு முன்பே அவரை ஓரமாகக் கூப்பிட்டு, கையைப் பற்றி எதுவும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "நான் மந்திரம் சொல்றவன் சார், கை பாத்து ஜோசியம் சொல்றவன் இல்ல" என்றார். சரியான ஆள்.

அருள் வேட்டியில் தடுமாறிக்கொண்டு உட்கார்ந்தான். எலேன் புடவை கட்டிக்கொண்டு அக்கா பக்கத்தில் நின்றாள். கொசுவம் பின்னால் வந்திருந்தது. எனக்குத் தெரிந்தது, அக்கா என்னை முறைத்தாள், நான் ஆற்றைப் பார்த்தேன். பிண்டம் ஏழு இருந்ததா எட்டு இருந்ததா என்று நினைவில்லை.

எள்ளும் தண்ணீரும் விடுகிற இடம் வந்தது. ஐயர் செம்பை அருள் முன்னால் வைத்துவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். அருள் செம்பை எடுக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எந்தக் கை அப்பா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. நாற்பத்தைந்து வயது. தலை பாதி நரைத்துவிட்டது. அம்மாவுக்குத் தண்ணீர் விட எந்தக் கையை எடுப்பது என்று இந்த வயதில் ஒருவன் இன்னொருவனைக் கேட்க வேண்டியிருந்தால், கேட்க வைத்தவனை என்ன செய்யலாம்? எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. ஊக்கு வாங்கிக் கொடுத்த எங்கள் அப்பா மேல் வந்தது. அதற்குப் பிறகு வந்த கோபத்துக்கு எட்டு வரி போதாது.

எது சொன்னாலும் அவன் கையை நான் மறுபடி ஒருமுறை திருத்துவதாகத்தான் ஆகும். வலது என்றாலும், இடது என்றாலும். அவன் பக்கத்தில் போய் ஈரத்தில் உட்கார்ந்தேன். செம்பை எடுத்தேன். எள்ளை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் செம்பைச் சாய்த்து, இடது கை வழியாகவே தண்ணீரை விட்டேன். எத்தனையோ வருஷமாக எதற்கும் பழகாத கை. பாதி இலையில் விழுந்தது, பாதி அருளின் கால்மேல் விழுந்தது.

"சார், சார்" என்றார் ஐயர்.

"நீங்க மந்திரத்தச் சொல்லுங்க சாமி" என்றாள் அக்கா.

செம்பை அருளிடம் கொடுத்துவிட்டு எழுந்து கரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எந்தக் கையால் விட்டான் என்று நான் பார்க்கவில்லை.